பரணில் ஒரு கட்டு

எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு கட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஓலைச்சுவடி. மரச்சட்டம் இரண்டுக்கு நடுவே வைத்து, நூல்கயிற்றால் சுற்றி, பழைய பட்டுத்துணியில் பொதிந்தது. முன்னோர் யாரோ நோன்பு முடித்தபோது சாஸ்திர தானமாக எழுதுவித்தது என்று பாட்டி சொல்வாள். செஞ்சிக்குக் கிழக்கே, மேல்சித்தாமூர் மடத்தைச் சுற்றியுள்ள சமண நயினார் வீடுகளில் இப்படி ஒரு சுவடி இருப்பது அதிசயமில்லை. வைகாசியிலோ ஆனித் தொடக்கத்திலோ ஸ்ருத பஞ்சமி வரும். அன்றைக்கு அதை இறக்கி, தூசி தட்டி, பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஏற்றிவிடுவோம்.

இன்னொன்று கோர்ட்டுக் கட்டு. அப்பா காலத்தில் நடந்த வரப்புத் தகராறு வழக்கின் வீட்டுப் பிரதி. பழுப்பேறிய டாக்கெட் ஷீட், கோணி ஊசியால் குத்தி டேக் கோத்த ஓட்டை, அதைச் சுற்றி அழுக்குப் படிந்த வெள்ளை நாடா. சுவடியில் வேப்பெண்ணெய் வாசம் அடிக்கும். இதில் அடிப்பது ஜெராக்ஸ் மையும் எலிப்புழுக்கையும். இதற்கு யாரும் பூ வைத்ததில்லை, ஆனால் சுவடியைவிட அதிக தூரம் பயணம் செய்தது இதுதான். அப்பாவின் மஞ்சள் பையில் எத்தனை நடை போய்வந்தது என்று கணக்கில்லை.

கட்டு என்றால் என்ன என்று கோர்ட்டு வராந்தாவில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். வக்கீல் குமாஸ்தாவின் வாயில் வழக்கு என்ற சொல்லே வராது. “கட்டு வந்துடுச்சா?”, “கட்டு உள்ள இருக்கு”, “கட்டு சேம்பருக்குப் போயிருக்கு” என்பார். மனுவாகப் பிறக்கும். குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் அதற்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர். சரிசெய்து மறுபடி போட்டு ‘நம்பர்’ ஆனால்தான் அதற்கு உயிர். அதன்பின் பதிலுரை, சாட்சி, குறுக்கு, ஆவணக் குறியீடு என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொஞ்சம் சதை போடும். வாதம் முடிந்து ‘தீர்ப்புக்கு’ என்று எழுதியதும், வெளியே நடமாடிக்கொண்டிருந்த கட்டு நீதிபதியின் அறைக்குள் போய்விடும். அங்கே அது என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் கட்டு அந்த அறைக்குள் பதினொரு மாதம் இருந்தது. எந்தக் கோர்ட்டு என்பது வேண்டாம். அந்த நீதிபதி நல்ல மனிதர், முகம் சுளிக்க மாட்டார். வாய்தா அன்று அப்பா போவார். பெயர் கூப்பிடுவார்கள். “ஜட்ஜ்மென்ட் நாட் ரெடி” என்று பெஞ்ச் கிளார்க் சொல்லி அடுத்த தேதியைப் போடுவார். ஒரு நாள் குமாஸ்தா அப்பாவைத் தனியே அழைத்து, “நயினாரே, ஐயாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. புதுசா வர்றவங்க மறுபடி ஆர்க்யூமென்ட் கேப்பாங்க” என்றார். சட்டம் இதற்கு இடம் தருகிறது: ஒரு நீதிபதி மாறிப் போனால், அடுத்து வருபவர் முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், சாட்சியம் அப்படியே நிற்கும். ஆனால் வாதத்தைக் கேட்ட காது மாறிப்போச்சே! அப்பா இரண்டாம் முறை வக்கீல் பீஸ் கொடுத்தார்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் கேட்டால் சொல்லும்: வாதம் முடிந்ததும் உடனே தீர்ப்பு, முடியாவிட்டால் 30 நாள், அசாதாரணக் காரணம் இருந்தால் 60 நாள். அறுபதாம் நாள் தாண்டினால் நீதிபதிக்கு என்ன ஆகும் என்று அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் வரப்பு வழக்கு சின்ன விஷயம். இதே கதை சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு கட்டுக்கு நடந்தது. அதன் தேதிகள் முழுவதும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன.

சி.பி.ஐ. தொடர்ந்த வழக்கு, எதிர்த்தரப்பில் நரேஷ் பிரசாத் அகர்வால். 2017 ஏப்ரல் 17 அன்று நீதிபதி டி. மதிவாணன் முடிவை அறிவித்தார், ஒரே வரியில். காரணங்கள் பின்னால் வரும் என்று பொருள். அதில் தவறில்லை போலத் தோன்றும். அவசரத்துக்கு முடிவைச் சொல்லிவிட்டு விரிவான உத்தரவைப் பிறகு தருவது கோர்ட்டுகளில் பழகிப்போன வழக்கம்தான். ஆனால் 1983-லேயே, ஜக்தேவ் சிங் தல்வாண்டி வழக்கில், காரணம் எழுதாமல் முடிவை மட்டும் அறிவிக்கும் இந்தப் பழக்கத்தை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கண்டித்திருக்கிறது. தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமானால் எதை எதிர்த்துப் போவார், அந்த ஒரு வரியையா?

நீதிபதி 2017 மே 26 அன்று ஓய்வு பெற்றார். காரணங்களை எழுதக் கையில் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது. வரவில்லை. ஓய்வு பெற்றவரின் மேசையைக் காலி செய்யும்போது கட்டுகள் எல்லாம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இந்தக் கட்டு போகவில்லை. அவரிடமே தங்கியது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். கடைசியில் அக்டோபர் 23 அன்று 250 பக்கத்துக்கு மேற்பட்ட விரிவான தீர்ப்பு வெளியே வந்தது. ஓய்வு நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன், சரியாக 150 நாள்.

எனக்கு இதில் உறுத்துவது பக்க எண்ணிக்கை. 250 பக்கம் எழுதியவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து உழைத்திருக்கிறார். ஆனால் எந்த அதிகாரத்தில்? மே 27 காலையில் அவர் நம்மைப் போல ஒரு குடிமகன். குடிமகன் ஒருவர் எழுதிய கட்டுரை உயர் நீதிமன்ற முத்திரையோடு தீர்ப்பாக வெளியேறியது.

பிறகு அந்தக் கட்டு டெல்லிக்குப் பயணமானது. அங்கே முடிவு வரும்போது, அந்த 250 பக்கம் வெளியாகி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 2024 பிப்ரவரி 13 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, பதவி விட்ட பின் ஐந்து மாதம் வழக்குக் கோப்பை வைத்திருந்தது மிகப் பெரிய முறைகேடு என்று எழுதியது. நீதி வழங்கினால் மட்டும் போதாது, வழங்கப்படுவது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்று சுமார் நூறாண்டுக்கு முன் இங்கிலாந்தின் ஹெவர்ட் பிரபு சொன்னதையும் நினைவுபடுத்தியது. தீர்ப்பை ரத்து செய்து, மறுபடி புதிதாக விசாரிக்கும்படி சென்னைக்கே அனுப்பியது. கட்டு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தது, ஏழு வயது கூடி.

முறைகேடு யாருடையது என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ரத்தானது எது? 250 பக்கம். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியவர் யார்? வழக்காடியவர்கள், ஜெயித்தவரும் சேர்த்து. நீதிபதி தாமதித்தால் தண்டனை கட்டுக்குத்தான் என்று எங்கள் குமாஸ்தா சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். உச்ச நீதிமன்றத்தின் நடைமுறையே அதுதான் என்று தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. அந்தக் கட்டின் பயணம் இன்னும் விசித்திரம். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் நீதிபதிகள் கித்வாய், பார்கவா இருவரும் ஒரு கொலை வழக்கின் மேல்முறையீட்டைக் கேட்டார்கள். தூக்குத் தண்டனை வழக்கு, சுரேந்திர சிங் என்பவருடையது. தீர்ப்புக்கு ஒத்திவைத்தபின் பார்கவாவுக்கு அலகாபாத்துக்கு மாற்றல். அங்கே அவர் இருவர் பெயரிலும் தீர்ப்பை எழுதி, பக்கம் பக்கமாகக் கையொப்பமிட்டு லக்னோவுக்கு அனுப்பினார். 1952 டிசம்பர் 24 அன்று இறந்துபோனார். 1953 ஜனவரி 5 அன்று கித்வாய் அதே தாளில் கையொப்பமிட்டுத் தீர்ப்பை வாசித்தார். தூக்கு உறுதி.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் 1953-ல் இதை ஏற்கவில்லை. திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கும் நிமிஷம் வரை அது வரைவுதான். கையொப்பமிட்ட பிறகும் நீதிபதிக்கு மனம் மாற உரிமை உண்டு. மனம் மாறியிருக்கலாம் என்ற வாய்ப்பு இறந்தவருக்கு இல்லை. அதனால் அது தீர்ப்பே அல்ல. ஒரு மனிதனின் கழுத்து, அலகாபாத்துக்கும் லக்னோவுக்கும் நடுவே போன ஒரு தபால் கட்டில் தொங்கியிருக்கிறது. சட்டத்தில் நுணுக்கம் என்பதை நான் பெரும்பாலும் வக்கீல்களின் வருமான வழி என்றே நினைத்திருந்தேன். இந்த வழக்கைப் படித்தபின் அப்படி நினைப்பதில்லை.

2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் இன்னொரு கட்டு. பாட்னா உயர் நீதிமன்றம் கொலை வழக்கு மேல்முறையீடு ஒன்றைக் கேட்டு முடித்துவிட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாய் திறக்கவில்லை. அனில் ராய் வழக்கு என்று பெயர். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.டி. தாமஸ், ஆர்.பி. சேத்தி அமர்வு விதிகள் வகுத்தது. ஒத்திவைத்த தேதியும் தீர்ப்புத் தேதியும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். நிலுவைத் தீர்ப்புகளின் பட்டியல் தலைமை நீதிபதிக்கு மாதாமாதம் போக வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் சீக்கிரம் தீர்ப்பு கேட்டு வழக்காடி மனுப்போடலாம். ஆறு மாதம் தாண்டினால் வேறு அமர்வுக்கு மாற்றக் கேட்கலாம்.

முதல் விதி நிலைத்துவிட்டது. ஒத்திவைத்துச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு எதையாவது இறக்கிப் பாருங்கள். முகப்பில், நீதிபதி பெயருக்கு மேலேயே, ‘ரிசர்வ்ட் ஆன்’, ‘ப்ரனவுன்ஸ்டு ஆன்’ என்று இரண்டு தேதி அடுத்தடுத்து இருக்கும். நான் தீர்ப்பின் சட்டத்தைப் படிப்பதற்கு முன் இந்த இரண்டு தேதிகளைக் கழித்துப் பார்க்கிறேன். கெட்ட பழக்கம், விட முடியவில்லை. மற்ற விதிகளைக் கவனியுங்கள். ஆறு மாதம் கடந்தால் நகர்வது கட்டு. நீதிபதி அதே நாற்காலியில் அடுத்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதிலும் மனுப்போட வேண்டியவர் யார்? தன் வழக்கு இன்னும் அந்த நீதிபதியின் கையில் இருக்கும் ஒருவர். “ஐயா, தாமதமாகிறது” என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் எதிரிலேயே நின்று தீர்ப்பை எதிர்பார்க்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? எங்கள் அப்பாவுக்கு வரவில்லை. நான் ஒருமுறை சொன்னேன். “சும்மா இருடா, அவரு கையில பேனா இருக்கு” என்றார்.

2025 ஆகஸ்டிலும் உச்ச நீதிமன்றம், அலகாபாத் வழக்கு ஒன்றில், அனில் ராய் விதிகளை மறுபடி எடுத்துச் சொல்லி, மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வராத கட்டுகளைப் பதிவாளர் தலைமை நீதிபதியின் முன் வைக்க வேண்டும் என்றது. 24 ஆண்டு கழித்து அதே பாடத்தை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த கட்டுகள்தான் என்னை ரொம்பப் படுத்தின. நான்கு தண்டனைக் கைதிகள். அவர்களின் மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் கேட்டு முடித்து 2022-ல் தீர்ப்புக்கு வைத்துவிட்டது. பிறகு சத்தமில்லை. அவர்கள் சிறையிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நோட்டீஸ் போனதும் அடுத்த சில வாரங்களில் தீர்ப்புகள் வெளியாயின. மூன்று பேர் விடுதலை. வாதம் முடிந்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் நடுவே, நிரபராதிகளாக, ஆண்டுகளைச் சிறையில் கழித்திருக்கிறார்கள். எங்கள் கட்டில் இருந்தது ஒரு வரப்பு. இந்தக் கட்டுகளில் இருந்தவை ஆட்கள்.

அப்படியானால் நீதிபதியைத் தண்டிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது, படிக்குப் படி வேறாக. கீழ்க்கோர்ட்டு நீதிபதிகள்மேல் கட்டுப்பாடு அரசியல் சாசனத்தின் 235-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது. மாதாமாதம் எத்தனை வழக்கு முடித்தார் என்ற கணக்கு போகும். மாவட்டத்துக்கு ஒரு போர்ட்ஃபோலியோ நீதிபதி உண்டு. விளக்கம் கேட்டு மெமோ வரும், ஊதிய உயர்வு நிற்கும், கட்டாய ஓய்வுகூட உண்டு. புகார் கொடுப்பவருக்கும் நிபந்தனை உண்டு: 2014 அக்டோபர் முதல், பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இல்லாத புகாரை ஏற்க வேண்டாம் என்பது நடைமுறை. மொட்டைக் கடிதங்களால் முன்சீப்புகள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அது நியாயமாகத்தான் தெரியும்.

சட்டம் தெரியாத நீதிபதிக்குச் சமீப காலத்துத் தண்டனை, பள்ளிக்கூடம். 2025 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம், பெரிய தொகை மோசடி வழக்கில் சட்டத்துக்குப் பொருந்தாமல் ஜாமீன் கொடுத்த டெல்லி மாஜிஸ்திரேட்டையும் அதை உறுதிசெய்த செஷன்ஸ் நீதிபதியையும் டெல்லி நீதித்துறை அகாடமியில் குறைந்தது ஏழு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. நம்மூருக்கு அப்படிப்பட்ட இடம் சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. தலை நரைத்த செஷன்ஸ் நீதிபதி நோட்டுப்புத்தகத்தோடு வகுப்பில் உட்காரும் காட்சியை நினைத்து முதலில் திருப்தியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் திருப்தி போய்விட்டது. ஜாமீன் கொடுத்தால் வகுப்பு என்றால், அடுத்த மாஜிஸ்திரேட் பாதுகாப்பாக மறுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். தவறான உத்தரவுக்காக ஒரு நீதிபதியைத் தண்டிப்பதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. 2019-ல் பீகார் நீதிபதி கிருஷ்ண பிரசாத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: உத்தரவு தப்பு என்பதாலேயே அது ஒழுங்கீனமாகிவிடாது, லஞ்சமோ வேறு உள்நோக்கமோ இருந்தால் மட்டும்தான் நடவடிக்கை. சரியான எல்லைக்கோடு என்றே நினைக்கிறேன். தப்பான தீர்ப்புக்கு அப்பீல் இருக்கிறது. வராத தீர்ப்புக்கு அப்பீல் ஏது? அதனால் அறியாமையைவிடத் தாமதத்தைத்தான் கடுமையாகக் கையாள வேண்டும் என்பது என் கட்சி. நடப்பது தலைகீழ்.

உயர் நீதிமன்றப் படியிலும் அதற்கு மேலும் இந்த மெமோவும் இல்லை, வகுப்பும் இல்லை. நாடாளுமன்றம் நீக்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வழியில் வாக்கெடுப்பு வரை வந்த முதல் நீதிபதி சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வி. ராமசாமி. 1993 மே மாதம் மக்களவையில் நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக 196 வாக்கு, எதிராக ஒன்றுமில்லை, 205 பேர் வாக்களிக்கவில்லை. தீர்மானம் விழுந்தது. அவர்மேல் இருந்தவை பணச் செலவுக் குற்றச்சாட்டுகள், தாமதம் அல்ல. இதுவரை எந்த நீதிபதியும் இந்த வழியில் நீக்கப்பட்டதில்லை. தீர்ப்பு எழுதத் தாமதித்ததற்காக ஒருவரை நீக்கப் போகிறார்கள் என்று நம்புவதற்கு எங்கள் ஊரில் ஆள் கிடைக்க மாட்டார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய பழைய வழக்கு ஒன்று திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சொல்லும் கதை. நான் சமணன், சைவக் கதை எனக்கு ஏன் என்று கேட்கலாம். ஆனால் ஓர் ஆவணத்தின் பயணத்தை இதைவிட அழகாக யாரும் சொன்னதில்லை. கல்யாணப் பந்தலில் கிழவர் நீட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழித்தது படி ஓலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். சபை கூடுகிறது. அனுபவமா, ஆவணமா, சாட்சியா, எதைக் காட்டுகிறாய் என்று கேட்கிறது. மூல ஓலை வருகிறது. பாட்டன் கையெழுத்தைப் பழைய ஓலை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தீர்ப்புச் சொல்கிறார்கள், அங்கேயே, அன்றைக்கே. தோற்றவர் கல்யாண மாப்பிள்ளை. எதிர்வழக்காடி சிவன் என்பது பிறகுதான் தெரிகிறது. சபையாருக்கு அது தெரியாது. ஓலையைப் பார்த்தார்கள், சொன்னார்கள். கட்டை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

போன ஸ்ருத பஞ்சமிக்குச் சுவடியை இறக்கும்போது கோர்ட்டுக் கட்டும் கூடவே சரிந்து விழுந்தது. நாடா மக்கிப்போய்த் தொட்டதும் அறுந்தது. எடுத்துப் புரட்டினேன். கடைசியில் இருந்தது அப்பா காப்பி அப்ளிகேஷன் போட்டு வாங்கிய, வாய்தாக்களைப் பதியும் பி டைரியின் நகல். ‘தீர்ப்பு தயாரில்லை’ என்று ஒன்பது பதிவுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அப்பா பென்சிலால் ஒரு தொகை எழுதியிருந்தார். முதலில் விளங்கவில்லை. பிறகு அம்மாவிடம் காட்டினேன்.

“பஸ் காசுடா” என்றாள்.